பாக்ஸ்டின் ‘தெரர் ஆன்டிகுவஸ்’: நகரங்கள் மூழ்கும்போது அந்தச் சிலை ஏன் புன்னகைக்கிறது?

வண்ணத்தூரிகை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் கவின்கலை முதுநிலை இறுதியாண்டு மாணவி. ரஷ்யக் குறியீட்டிய ஓவியங்களைப் பற்றிய என் ஆய்வுக் கட்டுரையில், லியோன் பாக்ஸ்ட் 1908-இல் வரைந்து முடித்த ‘தெரர் ஆன்டிகுவஸ்’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியத்துக்குத் தனி இயல் ஒன்றை ஒதுக்கியிருக்கிறேன். ஓவியம் இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலுள்ள ரஷ்ய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் இரண்டரை மீட்டர், அகலம் அதைவிடச் சற்றுக் கூடுதல்.

இந்த ஓவியத்தை நான் முதன்முதலில் கைப்பேசித் திரையில், நகத்தளவில்தான் பார்த்தேன். ஏதோ ஒரு கிரேக்கச் சிலை, பின்னால் மலையும் நீரும் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து எங்கள் துறை நூலகத்தில் பெரிய அச்சுப்படி ஒன்றை மேசைமேல் விரித்து உருப்பெருக்கிக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே வந்தபோது, தூண்கள் சூழ்ந்த ஒரு கோயிலை நோக்கி எறும்புச் சாரைபோல் மனிதர்கள் ஓடுவது தெரிந்தது. அதன் பிறகுதான் மேலே கரிய மேகத்திலிருந்து இறங்கும் மின்னலும், நிலத்துக்குள் புகுந்துகொண்டிருப்பது கடல் என்பதும், அந்தக் கோட்டைகளும் கோயில்களும் இன்னும் சற்று நேரத்தில் இல்லாமல் போகப்போகின்றன என்பதும் எனக்கு உறைத்தன. இத்தனைக்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டியபடி, மார்போடு ஒரு நீலப் பறவையை அணைத்துக்கொண்டு அந்தச் சிலை நம்மைப் பார்த்துப் புன்னகைக்கிறது.

நான் படித்த குறிப்புகளில் பெரும்பாலானவை, நாகரிகங்கள் அழியும், அழகு மட்டும் அழியாது என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த விளக்கம் எனக்கு நிறைவளிக்கவில்லை. அழகின் நிலைபேறுதான் பொருள் என்றால் ஓவியர் ஏன் தலைப்பில் அச்சத்தை வைத்தார்? அந்தப் புன்னகை ஆறுதலா, கொடுமையா? இதில் காண்பது பிளேட்டோ சொன்ன அட்லான்டிஸ்தானா? இந்த ஓவியத்தோடு நெடுநாள் பழகியவர்கள் தங்கள் வாசிப்பைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.

பழங்கல் பதிலளிக்கிறார்:

நல்ல கேள்வி. தலைப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. அந்த இலத்தீன் தொடரைப் பண்டைக்காலத்து மக்கள் அடைந்த அச்சம் என்று பலர் விளங்கிக்கொள்கிறார்கள். ஆனால் இலக்கணப்படி ‘ஆன்டிகுவஸ்’ என்னும் அடைமொழி அச்சத்தையே தழுவுகிறது. பழமையானது அச்சம்தான். தமிழில் ‘தொல்லச்சம்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. மனிதர்கள் தோன்றிய நாள்முதல் இருந்துவரும், நகரங்களையும் கடவுளரையும்விட மூத்த ஓர் அச்சம் என்ற பொருள் அதில் கிடைக்கிறது.

அட்லான்டிஸ் பற்றி: ஒரே பகலிலும் ஓர் இரவிலும் கடல் விழுங்கிய தீவு என்று பிளேட்டோ எழுதிய கதை ஓவியருக்கு முன்னால் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அட்லான்டிஸ் என்ற பெயரை அவர் தலைப்பில் வைக்கவில்லை. நம் மொழியில் இதற்கென்றே ‘கடல்கோள்’ என்ற சொல் இருப்பதால், நான் அந்தச் சொல்லையே பயன்படுத்துவேன். குமரி நிலத்தை இதற்குள் இழுத்துவருவது பொருந்தாது. ஓவியம் முழுக்க முழுக்கக் கிரேக்கக் கடலுக்குரியது.

இப்போது ஓவியத்தின் கட்டமைப்புக்கு வருவோம். நாம் எங்கே நின்று இதைப் பார்க்கிறோம் என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். தொடுவானம் வெகு உயரத்தில் இருக்கிறது. நிலம் முழுவதும் நிலப்படம்போல் கீழே விரிந்து கிடக்கிறது. கோயில்களின் கூரைகளை நாம் மேலிருந்து பார்க்கிறோம். மனிதர் எவரும் நிற்க முடியாத இடம் அது. பறவையோ கடவுளோதான் அந்த உயரத்தில் இருக்க முடியும். ஆனால் சிலையை மட்டும் நாம் அண்ணாந்து பார்க்கவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. அவள் நமக்கு நேராக, கை நீட்டினால் தொடும் தொலைவில் நிற்கிறாள். அவளுடைய கால்களை ஓவியச் சட்டம் வெட்டிவிடுகிறது. இதை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அவள் எதன்மேல் நிற்கிறாள் என்பதை ஓவியர் நமக்குக் காட்டவே இல்லை. அந்த நிலத்தின் ஏதோ ஒரு குன்றின்மேல் நிற்கிறாள் என்றால் சற்று நேரத்தில் அவளும் மூழ்குவாள். நிற்கவில்லை என்றால் அவள் அந்த உலகத்தைச் சேர்ந்தவளே அல்லள். பீடத்தை மறைத்ததன் மூலம் இந்த இரண்டில் எது என்ற முடிவை ஓவியர் நிறுத்தி வைத்துவிட்டார்.

இதே அருங்காட்சியகத்தில் கார்ல் பிரியுல்லோவ் 1830-க்கும் 1833-க்கும் இடையில் வரைந்த ‘பொம்பெயின் கடைசி நாள்’ இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் மின்னல் உண்டு, எரிமலை உண்டு, சரியும் கட்டடங்கள் உண்டு. ஆனால் அங்கே முன்னால் நிற்பவர்கள் மனிதர்கள். வயதான தந்தையைத் தோளில் சுமக்கும் மகன்கள், குழந்தைகளை அணைத்துக்கொள்ளும் தாய், வண்ணப்பெட்டியைத் தலையில் தாங்கியபடி ஓவியரே ஒருவராக என்று ஒவ்வொரு முகமும் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. சிலைகள் மேலே, கூரையிலிருந்து விழுந்துகொண்டிருக்கின்றன. பாக்ஸ்ட் இந்த ஏற்பாட்டை அப்படியே தலைகீழாக்கினார். சிலை அசையாமல் முன்னால் நிற்கிறது. மனிதர்கள் முகமற்ற புள்ளிகளாகப் பின்னால் போய்விட்டார்கள். பிரியுல்லோவின் ஓவியத்தில் இரங்குவதற்கு நமக்கு ஆள் இருக்கிறது. பாக்ஸ்டின் ஓவியத்தில் யாருக்காக இரங்குவது என்றே தெரியாது. எனக்கு அச்சம் தருவது மின்னலைவிட இதுதான்.

கவிஞர் வியாச்செஸ்லாவ் இவானோவ் இந்த ஓவியத்தைப் பற்றி ஆற்றிய உரை, 1909-இல் ‘பொன் கம்பளி’ என்று பொருள்படும் பெயர் கொண்ட மாஸ்கோ இதழில் வெளிவந்தது. தொல்லச்சம் என்பது ஊழின் முன் ஏற்படும் அச்சம் என்றும், முன்னால் நிற்கும் காதல் தெய்வமான அஃப்ரோதித்தியே ஊழும் ஆவாள் என்றும், காதலையும் அழிவையும் தரும் பெண்மை ஒன்றே என்றும் அவர் வாசித்தார். பின்னால் வந்த விளக்கங்கள் பெரும்பாலும் இந்த உரையின் நிழலில்தான் நிற்கின்றன. நானும் இதையே ஏற்கிறேன். ஊழ் வெறுப்போடு கொல்வதில்லை, அதற்கு நம்மீது பகை கிடையாது என்பதைத்தான் அந்தப் புன்னகை சொல்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு சிறு பயிற்சி: அச்சுப்படியில் சிலையை மட்டும் உள்ளங்கையால் மறைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு கையை எடுங்கள்.

கடலோரவாசி பதிலளிக்கிறார்:

பழங்கல் ஐயா சொன்ன கட்டமைப்பு விளக்கத்தில் எனக்கு மறுப்பில்லை. இவானோவின் உரையை அவர் அப்படியே ஏற்பதில்தான் தயக்கம் இருக்கிறது. கவிஞர்கள் ஓவியத்தைப் பார்க்கும்போது சில வேளைகளில் தங்கள் கவிதையையே பார்க்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் சென்றிருந்தபோது அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு முழு நாளைக் கழித்தேன். பாக்ஸ்டின் சிலைக்கு முன்மாதிரியான கோரே சிலைகள், அதாவது கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அதீனா தெய்வத்துக்குக் காணிக்கையாக நிறுத்தப்பட்ட இளம்பெண் உருவங்கள், அங்கே இயற்கை வெளிச்சத்தில் நிற்கின்றன. அவற்றைச் சுற்றிவந்து பார்க்கலாம். முதுகில் புரளும் பின்னல்களில் இன்னும் செம்மையின் தடம் இருக்கிறது. ஆடை விளிம்புகளில் வண்ணக் கோலங்கள் மங்கலாகத் தெரிகின்றன. பல சிலைகளுக்கு முன்கையைத் தனிக் கல்லில் செதுக்கிப் பொருத்தியிருந்தார்கள். அந்தக் கை விழுந்துவிட்டதால் முழங்கைக்கு அருகே ஒரு குழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கையில்தான் பழமோ பறவையோ, தெய்வத்துக்கு நீட்டிய காணிக்கை இருந்திருக்கும். ஒரு சிலைமுன் நின்று அந்தக் குழியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு செய்திகளை உங்கள் கட்டுரையில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். முதலாவது, அந்தப் புன்னகை பாக்ஸ்ட் கற்பித்தது அன்று. அக்காலச் சிற்பிகள் கல்லுக்கு உயிர்ப்பூட்டும் வழியாகவே உதட்டோரங்களை மேலே வளைத்தார்கள். போரில் அம்பு பட்டுச் சாகும் வீரனுக்குக்கூட அதே புன்னகையைச் செதுக்கியிருக்கிறார்கள். ஏஜினா தீவுக் கோயிலின் சிற்பத்தில் அதைக் காணலாம். எனவே அவள் அழிவைக் கண்டு சிரிக்கிறாள் என்று எழுதிவிடாதீர்கள். அவள் அழிவு வருவதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்தாள். அது வந்தபோதும் அந்த முகம் மாறவில்லை.

இரண்டாவதும் எனக்கு மிக நெருக்கமானதும் இதுதான். கி.மு. 480-இல் பாரசீகர்கள் ஏதென்சைக் கைப்பற்றி அக்ரோபோலிஸ் என்னும் கோயில் குன்றை எரித்தபோது இந்தச் சிலைகளும் அடித்து வீழ்த்தப்பட்டன. திரும்பி வந்த ஏதென்ஸ் மக்கள் தெய்வத்துக்குக் கொடுத்த பொருள்களை வெளியே எறிய மனமின்றி அந்தக் குன்றிலேயே புதைத்தார்கள். 1886-இல் எரெக்தியோன் கோயிலுக்கு அருகே தோண்டியபோது அவை மண்ணுக்குள்ளிருந்து கூட்டமாக எழுந்தன. ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் எவர் கண்ணும் படாத முகங்கள் அவை. பாக்ஸ்டும் அவருடைய நண்பரான ஓவியர் வலென்தீன் செரோவும் 1907-இல் கிரேக்கத்துக்குப் பயணம் செய்து அவற்றைப் பார்த்தபோது, அவை வெளிவந்து 21 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அந்தப் பயணத்தில் அவர்கள் பண்டைய கிரேக்க நகரமான மைசீனையும் கிரீட் தீவையும் பார்த்தார்கள். மைசீனில் அகழாய்வாளர் ஷ்லீமான் 1876-இல் தோண்டியிருந்தார். கிரீட்டின் நோசஸில் எவான்ஸ் 1900-இல் தொடங்கிய அகழாய்வு நடந்துகொண்டிருந்தது. வெறும் கதை என்று நினைத்திருந்த நகரங்களின் சுவர்கள் அந்தத் தலைமுறைக்குத் தொட்டுப் பார்க்கக் கிடைத்தன. பாக்ஸ்ட் கண்டவை கூரையற்ற சுவர்களும் கிடந்த தூண்களும்தான். ஓவியத்தில் அவர் செய்ததைக் கவனியுங்கள்: இடிபாடுகளுக்குக் கூரை வேய்ந்தார், தூண்களை நிமிர்த்தினார், தெருக்களில் ஆட்களை விட்டார், அதன் பிறகு கடலைத் திறந்துவிட்டார். இடிபாடுகள் பிறக்கும் அந்த ஒரு கணத்தை, தாம் பார்த்த கற்களிலிருந்து பின்னோக்கி நடந்து சென்று வரைந்திருக்கிறார். ஆகவே முன்னால் நிற்பவளை ஊழ் என்று சொல்வதைவிட, அழிவுக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தவள் என்று சொல்லவே விரும்புகிறேன். பின்னணி அவளுடைய கடந்த காலம். அவள் நிற்பது நம்முடைய காலத்தில். சிலையும் நிலமும் ஒரே வெளியில் பொருந்தாமல் இருப்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்.

முன்கையும் பறவையும் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

வண்ணத்தூரிகை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கடலோரவாசி சொன்ன குழியும் முன்கையும் என் இயலின் திசையையே மாற்றிவிடும்போல் இருக்கிறது. ஆனால் ஒரு தடுமாற்றம் எழுகிறது. மாதிரிச் சிலைகள் அதீனாவுக்குக் காணிக்கை தந்த பெண்கள் என்றால், இவளை அஃப்ரோதித்தி என்று அழைப்பதற்கு இவானோவின் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் உண்டா? மேலும், என் நெறியாளர் இந்த ஓவியத்தை 1905 புரட்சியோடும், இத்தாலியின் மெசினா நிலநடுக்கத்தோடும், பெல்ஜிய எழுத்தாளர் மேட்டர்லிங்கின் ‘நீலப் பறவை’ நாடகத்தோடும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார். இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

நாடகமேடை பதிலளிக்கிறார்:

நாடக வரலாறு படிப்பவன் என்ற முறையில் என்னால் சிலவற்றைச் சொல்ல முடியும்.

முதலில் நாள்களைச் சரிபாருங்கள். மெசினா நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து எழுந்த கடலலையும் 1908 டிசம்பர் 28-இல் நிகழ்ந்தன. ஓவியம் அந்த ஆண்டுக்குரியது. எனவே அந்தப் பேரழிவு ஓவியத்துக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. அதே வேளையில், 1909-இல் இந்த ஓவியத்தின்முன் நின்றவர்கள் கடலோர நகரம் ஒன்று நொறுங்கிப் பல்லாயிரம் பேர் மாண்ட செய்தியைச் சில மாதங்களுக்குள் படித்தவர்கள் என்பது உண்மை. ஓவியரின் நோக்கத்தையும் பார்வையாளரின் அனுபவத்தையும் தனித்தனிப் பத்திகளில் எழுதினால் சிக்கல் வராது. மேட்டர்லிங்கின் நாடகம் மாஸ்கோ கலை அரங்கில் முதன்முதலாக மேடையேறியதும் 1908-இன் இலையுதிர் காலத்தில்தான். ஒரே ஆண்டு என்பதற்காக ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று எழுதுவது அவசரம். பறவையை ஏந்துவது கோரே சிலைகளின் பழைய மரபு என்று கடலோரவாசி சொன்னதே போதுமான வேர்.

1905-ஐப் பொறுத்தவரை, ஜப்பானோடு தோற்ற போரும் தலைநகரின் தெருவில் நடந்த துப்பாக்கிச் சூடும் அந்தத் தலைமுறையின் மனத்தை உலுக்கின என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஓவியத்துக்குள் ரஷ்யாவைக் காட்டும் ஒரு கோடுகூட இல்லை. உங்கள் நெறியாளருக்காக ஒரு பத்தி எழுதுங்கள். அதன்மேல் இயலைக் கட்ட வேண்டாம்.

அஃப்ரோதித்தி பற்றிய கேள்விக்கு, நாடகத்தின் வழியாக ஒரு விடை இருக்கிறது. பாக்ஸ்ட் இந்த ஓவியத்துக்கு முன்பே கிரேக்கத் துன்பியல் நாடகங்களோடு நெருங்கிப் பழகியவர். 1902-இல் அலெக்ஸாண்ட்ரின்ஸ்கி அரங்கில் யூரிப்பிடிசின் ‘இப்போலித்தஸ்’ நாடகத்துக்கு மேடைக்காட்சிகளையும் உடைகளையும் அமைத்தவர் அவர்தான். 1904-இல் சோபோக்ளிசின் ‘கொலோனசில் இடிபஸ்’ நாடகத்துக்கும் அமைத்தார். ‘இப்போலித்தஸ்’ எப்படித் தொடங்குகிறது தெரியுமா? அஃப்ரோதித்தி தனியாக வந்து, தன்னை வணங்க மறுத்த இளைஞன் இன்றே சாகப்போகிறான் என்று நம்மிடம் அமைதியாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். முடிவில் கடலிலிருந்து பேரலை ஒன்று எழுகிறது. அதிலிருந்து வெளிவரும் காளை அவனுடைய குதிரைகளை மிரட்டித் தேரைக் கவிழ்க்கிறது. பின்னால் கடல் கொல்கிறது. முன்னால் தேவி பார்வையாளரை நோக்கி நிற்கிறாள். மேடையின் முகப்பில் நின்று அவையோரை நேரே பார்த்துப் பேசும் பாத்திரத்தின் நிலை இது. பாக்ஸ்ட் அந்த நாடகத்துக்குள் பல மாதங்கள் உழைத்தவர் என்பதால், ஓவியத்திலிருக்கும் இந்த ஏற்பாடு தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. இது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

பழங்கல்:

கடலோரவாசி சொன்னதைப் படித்துவிட்டு நேற்றிரவு ஓவியத்தை மீண்டும் பார்த்தேன். ‘ஊழுக்குப் பகை கிடையாது’ என்ற என் வரியை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் அவள் மறுபக்கம் வெளியே வந்தவள் என்ற வாசிப்பு என் வாசிப்பை முறிக்கவில்லை, ஆழமாக்குகிறது. அவள் காப்பாற்றியது ஒரு பறவையை மட்டுமே என்பதை நினைத்துப் பாருங்கள். கோயிலை நோக்கி ஓடியவர்களில் ஒருவரும் அவளிடம் வந்து சேரவில்லை. அவர்களில் யாரோ ஒருவர்தான் அவளைச் செதுக்கியிருப்பார். தொல்லச்சம் என்ற தலைப்பை நியாயப்படுத்த எனக்கு இதுவே போதும்.

இன்னொன்று. கவிஞரும் கலை விமர்சகருமான வொலோஷின் 1909-இல் ‘அப்பலோன்’ இதழின் முதல் எண்ணில் ரஷ்ய ஓவியத்தில் தொன்மை நாட்டம் பற்றி எழுதிய கட்டுரை, ரோரிக், பொகயேவ்ஸ்கி, பாக்ஸ்ட் ஆகிய மூன்று ஓவியர்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது. இவானோவை மட்டும் படித்துவிட்டு எழுதாமல் அதையும் தேடிப் படியுங்கள். ஓவியரின் கண்ணுக்கு அது இன்னும் நெருக்கமானது. செரோவ் 1910-இல் வரைந்த ‘யூரோப்பாவின் கவர்வு’ ஓவியத்தையும் பாருங்கள். காளையின் முதுகில் அமர்ந்திருக்கும் பெண்ணின் முகம் அதே கோரேயின் முகம். ஒரே பயணம், ஒரே சிலைகள், அங்கும் கடல்தான். ஆனால் அந்தக் கடல் எவரையும் மூழ்கடிக்கவில்லை.

வண்ணத்தூரிகை:

ஐயா, நீங்கள் சொன்ன பயிற்சியை இன்று காலை செய்தேன். சிலையை உள்ளங்கையால் மறைத்தபோது மின்னல்தான் முதலில் கண்ணை இழுத்தது; அதன் வழியே கீழே இறங்கி, கோயிலருகே ஓடுபவர்களிடம் போய் நின்றேன். எண்ண முயன்றேன். சிலர் ஒருவரையொருவர் ஒட்டி ஒரே கறையாகிவிட்டதால் முடியவில்லை. ஐந்து நிமிடம் அவர்களோடுதான் இருந்தேன். கையை எடுத்ததும் அவள் முகம் வந்துவிட்டது. அதன் பிறகு எவ்வளவு முயன்றும் என்னால் அந்தக் கூட்டத்தை முன்போல் பார்க்க முடியவில்லை. பார்வை ஒவ்வொரு முறையும் பாதி வழியில் அந்த நீலப் பறவையிடம் நின்றுவிடுகிறது.

இயலை இங்கிருந்தே தொடங்கப் போகிறேன். ‘தொல்லச்சம்’ என்ற சொல்லைப் பயன்படுத்த உங்கள் இசைவையும் வேண்டுகிறேன்.